முதலில் விடுதி, பிறகு கல்லூரி

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரை. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



இன்று நாம் முடிவெடுக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. சங்கக் கட்டிட நிதியில் நாம் வருடக்கணக்காகச் சேர்த்த பணத்தை என்ன செய்வது? மண்டபம் கட்டுவோம், நம் வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அடுத்தவன் வாசலில் போய் நிற்க வேண்டாம் என்பது ஒரு கருத்து. படிப்பகம் கட்டுவோம், அதற்கு மேலே வெளியிடத்திலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் தங்க நாலு அறை போடுவோம் என்பது இன்னொரு கருத்து. இரண்டு பக்கமும் நிற்பவர்கள் நம் ஆட்கள்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

அந்த முடிவை எடுப்பதற்கு முன்னால், இதே பம்பாயில் நம்மைவிட ஏழைகளாக இருந்தவர்கள், நம்மைவிட அதிகமாக மிதிக்கப்பட்டவர்கள், தங்களுக்கென்று ஒரு கல்லூரியை எப்படிக் கட்டினார்கள், அது எப்படி வளர்ந்தது என்ற கதையைச் சொல்லும்படி தலைவர் பணித்தார். பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே ஆபீசில் பேரேடு புரட்டுகிறவர்கள் நாம். கல்லூரியைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். பசித்தவனுக்குத்தானே சோற்றின் அருமை தெரியும்! அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறோம்.

ஒற்றை அறையில் தொடங்கிய படிப்பு

கதை ஒரு சாலில் தொடங்குகிறது. மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பரேல் பகுதியில் ஓர் ஒற்றை அறை. அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ராம்ஜி என்பவர் தம் குடும்பத்தோடு அங்கே இருந்தார். அவருடைய கடைசி மகன் படிக்கிறவன். இரண்டு பேர் ஒரே சமயத்தில் நீட்டிப் படுக்க இடம் இல்லை. எனவே மகனை முதலில் தூங்கச் சொல்லிவிட்டுத் தகப்பனார் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பி உட்காரவைத்துவிட்டு, அவன் படுத்த இடத்தில் தாம் படுப்பார். அரிக்கேன் விளக்கில் மகன் படிப்பான்.

அந்த மகன் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். 1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறினார். அவர்தான் டாக்டர் அம்பேத்கர். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மூலையில் புத்தகத்தை விரிப்பது என்ற பிரச்சினை அவர்களுக்கு ஒவ்வொரு இரவும் உண்டு.

நாம் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததைத்தான். இவ்வளவு படித்துத் திரும்பியவர், பொதுவேலைக்கு இறங்கியவுடன் முதலில் எதைக் கட்டினார்? கல்லூரியை அல்ல. 1924 ஜூலையில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா என்ற அமைப்பைப் பம்பாயில் தொடங்கினார். ஒதுக்கப்பட்டவர்களின் நலச் சங்கம் என்று அதற்குப் பொருள். அந்தச் சங்கம் கையில் எடுத்த முதல் வேலைகளில் ஒன்று, 1925இல் சோலாப்பூரில் மாணவர்களுக்கு ஒரு விடுதி திறந்தது. பள்ளிக்கூடம் எங்கோ இருக்கிறது, சட்டப்படி சேரலாம் என்றும் சொல்கிறார்கள். ஆனால் கிராமத்திலிருந்து வருகிற பையன் ராத்திரி எங்கே தலை சாய்ப்பான், யார் வீட்டில் கை நனைப்பான்? அவனுக்கு ஒரு கூரையும் இரண்டு வேளைச் சோறும் இல்லாவிட்டால் திறந்திருக்கிற பள்ளிக்கூடமும் மூடிய பள்ளிக்கூடந்தான். ஆகவேதான் முதலில் விடுதி. மகத் குளத்துப் போராட்டம் 1927இல் நடந்தது. விடுதி அதற்கும் முந்தியது என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கொட்டகையில் ஒரு கல்லூரி

விடுதியிலிருந்து கல்லூரிக்கு வந்து சேர இருபது வருடம் ஆயிற்று. 1945 ஜூலை 8ஆம் தேதி மக்கள் கல்விக் கழகம், அதாவது பீப்பிள்ஸ் எஜுகேஷன் சொசைட்டி, தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1946 ஜூன் 20ஆம் தேதி, பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. மாளிகையிலா திறந்தார்கள்? இல்லை. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் காலி செய்துவிட்டுப் போன கொட்டகைகளில்தான் வகுப்பு தொடங்கியது. கட்டிடம் வரட்டும், பிறகு கல்லூரி திறக்கலாம் என்று காத்திருக்கவில்லை.

கட்டிடம் சுமாராக இருந்தாலும் ஆசிரியர்கள் சுமாராக இருக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். எல்பின்ஸ்டன் கல்லூரியில் முதல்வராக இருந்த பேராசிரியர் கஜேந்திரகட்கரை அழைத்து வந்து முதல்வர் நாற்காலியில் அமர்த்தினார்கள். அவர் பிறப்பால் பார்ப்பனர். அதைப் பற்றி அம்பேத்கர் கவலைப்படவில்லை. ஏழைப் பிள்ளைக்கு இரண்டாந்தரப் படிப்பு போதும் என்ற எண்ணத்தைத்தான் அவர் ஏற்கவில்லை. மாணவர் சேர்க்கையிலும் அப்படியே. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருந்தது.

இன்னொரு செய்தி நம் போன்றவர்களின் நெஞ்சைத் தொடுவது. அந்தக் கல்லூரியில் வகுப்புகள் காலை வேளையில் வைக்கப்பட்டன. ஏன் தெரியுமா? ஆபீசுக்கும் கடைக்கும் போகிறவன் காலையில் படித்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்பதற்காக. குமாஸ்தாக்களும் பியூன்களும் தபால் ஊழியர்களும் அப்படிப் படித்துப் பட்டதாரி ஆனார்கள். 1947இல் இரவுப் பள்ளி ஒன்றும் தொடங்கினார்கள். தொழிலாளிக்கு எந்த நேரம் ஒழியும் என்று பார்த்து மணி அடித்த கல்லூரி அது.

பின்னர் கோட்டைப் பகுதியில், வி.டி. ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், தாதாபாய் நௌரோஜி சாலைப் பக்கம் கட்டிடங்கள் வாங்கி அவற்றுக்கு ஆனந்த பவன், புத்த பவன் என்று பெயரிட்டார்கள். 1953இல் வணிகக் கல்லூரி வந்தது. 1956இல் சட்டக் கல்லூரி வந்தது. மாணவர்கள் தங்களுக்குள் பாராளுமன்றம் நடத்தி, மசோதா கொண்டுவந்து வாதிட்டுப் பழகினார்கள். நாட்டின் சட்ட அமைச்சராக இருந்தபோதும் அம்பேத்கர் அந்த மாணவர் பாராளுமன்றத்தில் வந்து பேசியிருக்கிறார். தாம் வயிற்றைக் கட்டி வாங்கிச் சேர்த்த நூல்களில் பெரும்பகுதியை அந்தக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்தார். நம்மில் எத்தனை பேர் தினமும் அந்தக் கட்டிடங்களைக் கடந்து ரயிலைப் பிடிக்க ஓடுகிறோம்! ஒரு நாளாவது நின்று நிமிர்ந்து பார்த்திருக்கிறோமா?

நாகசேன வனம்

பம்பாயில் கல்லூரி வந்தாயிற்று. அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் பார்வை மராத்வாடா பக்கம் திரும்பியது.

மராத்வாடா அப்போது நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்தது. மக்கள் பேசுவது மராத்தி. மேற்படிப்புக்கு இருந்தது ஹைதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகம். 1918இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தில் பாடமொழி உருது. ஔரங்காபாத்தில் இன்டர்மீடியட் வரை படிக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் மீட்டர் கேஜ் ரயிலில் ஒரு நாள் பயணம் செய்து ஹைதராபாத் போக வேண்டும். போனாலும் மொழி வேறு. காசுள்ளவன் போனான். மற்றவன் ஊரிலேயே மாடு மேய்த்தான். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று தவிக்கிற பிள்ளைகளைப் பெற்ற நமக்கு அந்தத் தவிப்பு தெரியும்.

1948 செப்டம்பரில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்க்கப்பட்டது. 1950 ஜூனில் ஔரங்காபாத்தில் மக்கள் கல்விக் கழகத்தின் கல்லூரி தொடங்கியது. இங்கும் முதல் வகுப்புகள் தற்காலிகக் கட்டிடத்தில்தான் நடந்தன. நகருக்கு வெளியே, குன்றுகளின் அடிவாரத்தில், நூறு ஏக்கருக்கும் மேலான வெற்று நிலம் வாங்கப்பட்டது. பணத்துக்கு என்ன செய்தார்கள்? சமஸ்தானத்தில் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிதியிலிருந்து கடன் பெற்றார்கள். கடன் என்பதைக் கவனியுங்கள். 1951 செப்டம்பர் 1ஆம் தேதி குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் வந்து அடிக்கல் நாட்டினார். எழுத்து வாசனையே மறுக்கப்பட்ட மக்களின் கல்லூரிக்கு நாட்டின் முதல் குடிமகன் கல் நாட்டுகிறார் என்றால், அன்று அந்தப் பொட்டல் காட்டில் கூடியிருந்தவர்களின் நெஞ்சு எப்படி விம்மியிருக்கும்!

அந்தக் கல்லூரிக்கு மிலிந்த் என்று பெயர். வளாகத்துக்கு நாகசேன வனம் என்று பெயர். இந்தப் பெயர்களுக்குள் ஒரு பாடம் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் வடமேற்கே ஆண்ட கிரேக்க மன்னன் மெனாண்டர். பாலி மொழியில் மிலிந்தன். அவன் யாரைக் கண்டாலும் கேள்வி கேட்பான். பதில் சொல்ல முடியாமல் பெரிய பெரிய பண்டிதர்கள் எல்லாம் வாயடைத்துப் போனார்கள். கடைசியில் நாகசேனர் என்ற பௌத்த பிக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். மன்னன் ஒப்புக்கொண்டான். அப்படியானால் கல்லூரிக்குப் பெயர் யாருடையது? கேட்கிறவனுடையது. பதில் சொன்னவரின் பெயர் அவனைச் சுற்றி நிற்கும் தோப்புக்கு. கேட்கக் கூடாது, படிக்கக் கூடாது என்று வாய் கட்டப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு, கேள்வி கேட்ட மன்னனின் பெயரில் ஒரு கல்லூரி! அம்பேத்கர் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14ஆம் தேதி. சித்தார்த்தா, மிலிந்த் என்ற பெயர்கள் அதற்கு வருடங்கள் முந்தியவை. அவர் போக நினைத்த பாதையைக் கல்லூரி வாசற்பலகையிலேயே முன்கூட்டி எழுதி வைத்துவிட்டார்.

சென்ற ஆண்டு நம் சங்கத்திலிருந்து சிலர் தேவகிரி எக்ஸ்பிரசில் இரவு ஏறி, விடியற்காலையில் அங்கே போய் இறங்கினோம். ஔரங்காபாத் என்பதை இப்போது சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பையில் கட்டிக்கொண்டு போன புளியோதரையை நாகசேன வனத்து மரநிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பொட்டலாகக் கிடந்த நிலம் அது என்று சொன்னால் இன்று நம்ப முடியாது. தோட்ட வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று மராத்தியில் கேட்டார். தாராவியிலிருந்து வரும் தமிழர்கள் என்று சொன்னோம். தம் அண்ணன் இங்கேதான் படித்தார் என்றும், அவர்தான் தங்கள் ஊரில் பேன்ட் போட்ட முதல் ஆள் என்றும் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நமக்கும் பேச்சு வரவில்லை.

வளாகம் வளர்ந்த வரிசையைப் பாருங்கள். 1950இல் கல்லூரி. 1955இல் உயர்நிலைப் பள்ளி. பிள்ளைகள் தங்க விடுதிகள். 1960இல் வணிகக் கல்லூரி. அந்தப் பத்தாண்டில் மிலிந்த் கல்லூரியே பெருகிக் கலைக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிந்தது. 1968இல் சட்டக் கல்லூரி. 1994இல் பொறியியல் கல்லூரி. ஒரு வித்து விழுந்து, முளைத்து, விழுது விட்டு, அந்த விழுதே மரமாக நிற்கிற ஆலமரக் கதை இது. 1958இல் அதே ஊரில் மராத்வாடா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, அதற்கு முன்னாலேயே வேர் பிடித்து நின்றது மிலிந்த்.

கல்லூரி விளைவித்தது என்ன?

பட்டம் வாங்கினார்கள், வேலைக்குப் போனார்கள் என்பதோடு கதை முடிந்திருந்தால் நாம் இவ்வளவு தூரம் பேச வேண்டியதில்லை. அந்த வளாகத்தில் பேச்சு பிறந்தது, எழுத்து பிறந்தது. மிலிந்த் கல்லூரியின் முதல்வராக இருந்த ம.பி. சிட்னிஸ் ஒடுக்கப்பட்டோரின் காலகால வரலாற்றை யுகயாத்ரா என்ற நாடகமாக எழுதினார். 1955இல் மாணவர்கள் அதை அம்பேத்கர் முன்னிலையில் நடித்தார்கள். அங்கே பணியாற்றிய கங்காதர் பான்தாவணே 1960-களின் இறுதியில் அஸ்மிதாதர்ஷ் என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். மராத்தியில் தலித் இலக்கியம் என்று இன்று உலகம் அறிந்திருக்கிறதே, அதன் எழுத்தாளர்கள் பலருக்கு அந்த இதழ்தான் முதல் மேடை. தகப்பன் கைநாட்டு வைத்தான், மகன் காலாண்டிதழ் நடத்தினான். நடுவில் இருந்தது ஒரு கல்லூரி.

அது மட்டுமல்ல. 1978 ஜூலை 27ஆம் தேதி மகாராஷ்டிரச் சட்டமன்றம் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்டத் தீர்மானம் நிறைவேற்றியது. வெறும் பெயர்ப்பலகைதானே என்று நினைப்போம். ஆனால் மராத்வாடாக் கிராமங்களில் தலித் குடிசைகள் கொளுத்தப்பட்டன. போச்சிராம் காம்ப்ளே என்ற எளிய மனிதர் கொல்லப்பட்டார். பிள்ளைகள் படித்துவிட்டார்கள், இனி ஏவிய வேலைக்கு ஆள் கிடைக்காது என்ற ஆத்திரம் அந்தத் தீக்குள் இருந்தது என்பது நம் கருத்து. தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது. நாகசேன வனத்து மாணவர்கள் விடவில்லை. நாக்பூரிலிருந்து 1979இல் நெடும்பயணம் புறப்பட்டது. பதினாறு வருடம் போராடினார்கள். 1994 ஜனவரி 14ஆம் தேதி அது டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம் ஆயிற்று. கேள்வி கேட்டவனின் பெயரால் தொடங்கிய கல்லூரி, கேள்வி கேட்கும் பிள்ளைகளை வளர்த்துவிட்டது.

குறையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது புகழ்மாலை ஆகிவிடும். 1956 டிசம்பர் 6ஆம் தேதி அம்பேத்கர் மறைந்த பிறகு, அவர் விட்டுச் சென்ற கழகத்தின் தலைமைக்குப் பல பேர் உரிமை கோரினார்கள். பிளவுகள் வந்தன. வழக்கு மன்றப் படிகளும் ஏறினார்கள். ஒரு மனிதரின் தோளில் நின்ற நிறுவனம், அந்தத் தோள் சாய்ந்ததும் தள்ளாடியது. பிள்ளைகளின் படிப்புக்குப் போக வேண்டிய சக்தி பெரியவர்களின் சண்டைக்குப் போயிற்று. இதிலிருந்தும் நாம் பாடம் கற்க வேண்டும். கட்டுவதற்கு ஆவேசம் போதும். காப்பதற்குக் கணக்கும் ஒழுங்கும் வேண்டும்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நம்மில் சிலர் முணுமுணுப்பது காதில் விழாமல் இல்லை. அது மகார் மக்களின் கதை, நம் சாதி வேறு, நம் மொழி வேறு, நமக்கென்ன என்கிறார்கள். தோழர்களே, ஊரை விட்டு இங்கே வந்தபோது நம்மை யார் சாதி பார்த்து வரவேற்றார்கள்? தோல் பதனிடும் கொட்டடியில் உப்பு மூட்டை தூக்கியபோதும், விடியற்காலை இட்லிப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு சயான் ஸ்டேஷன் படி ஏறியபோதும் நாம் எல்லோரும் இந்த ஊர்க்காரனுக்கு ஒரே மதராசிதான். 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய் வந்தபோது அம்பேத்கரைச் சந்தித்துப் பேசினார் என்பதும் நம் வரலாறுதான்.

நம் பக்கத்து ஊர்க் கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். விருதுநகரில் நாடார் மக்கள் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்துச் சேர்த்து நடத்திய பள்ளி க்ஷத்திரிய வித்தியாசாலை. 1889இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் படித்தவர்தான் காமராசர். இங்கேயே, நம் குடிசைகளுக்கு மிக அருகில், மாட்டுங்காவில் குடியேறிய தென்னிந்தியர்கள் 1932இல் ஒரு கல்விச் சங்கம் கண்டு, 1960இல் சயானில் கல்லூரியே கட்டிவிட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் ஆபீசு உத்தியோகக்காரர்கள். நாமோ கைத்தொழிலாளிகள். ஆனால் நாமும் பிடியரிசி எடுத்து வைக்க முடியாதவர்கள் அல்லவே!

நம் பிள்ளைகளின் நிலைமை என்ன? இதைத் தாய்மார்கள் கவனித்துக் கேட்க வேண்டும். தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மெட்ரிகுலேஷனுக்கு மேல் படிக்க உதவித்தொகை 1944இலிருந்து இருக்கிறது. கல்வி இட ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளை விண்ணப்பம் எழுதப் போனால் என்ன நடக்கிறது? தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. அன்று உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருந்ததோ, அந்த மாநிலத்துக்காரர் நீங்கள். அதற்குப் பிறகு குடியேறியவர்கள் இந்த மாநிலத்தின் சலுகையை உரிமையாகக் கேட்க முடியாது. 1990இல் உச்சநீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திவிட்டது. அந்த வழக்கு நம் பம்பாயில் ஒரு மருத்துவக் கல்லூரி இடத்துக்காக எழுந்த வழக்குதான். மிலிந்த் கல்லூரி தொடங்கிய அதே 1950ஆம் ஆண்டு, நம்மைப் பொறுத்தவரை ஒரு கோடு கிழித்த ஆண்டாகவும் ஆகிவிட்டது.

இங்கே பிறந்த பிள்ளைக்கு இங்கே சலுகை இல்லை. ஊரில் சலுகை உண்டு, ஆனால் அங்கே அவனுக்கு வீடு இல்லை. தாத்தா 1950க்கு முன்னாலேயே வந்தவர்தான். ஆனால் அதை எழுத்தில் காட்ட வேண்டும். பள்ளிச் சேர்க்கைத் தாள், மில் அட்டை, ரேஷன் கார்டு எதுவும் இருக்காது. மழையில் நனைந்திருக்கும், குடிசை இடிந்தபோது போயிருக்கும். உரிமை இருந்தும் தாள் இல்லாமல் படிப்பை விட்ட பிள்ளைகளை நாம் ஒவ்வொருவரும் நம் சந்திலேயே எண்ணிக் காட்ட முடியும்.

இனி நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்வோம். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்பிள்ளை நம் சங்க அறைக்கு வந்தாள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துப் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியவள். வீட்டில் தம்பி தங்கைகளோடு ஐந்து பேர், மாலையில் இங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து படித்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். நாம் என்ன சொன்னோம்? சாவி செயலாளரிடம் இருக்கிறது, கமிட்டியில் வைத்துச் சொல்கிறோம் என்றோம். அன்று அறையில் கேரம் போர்டு ஓடிக்கொண்டிருந்தது. கமிட்டியிலும் வைத்தோம். ஆம்பிளைகள் வந்து போகிற இடத்தில் வயசுப்பிள்ளை எப்படி என்று ஒருவர் கேட்டார். தள்ளி வைத்தோம். மறுபடி கேட்க அவள் வரவில்லை. பன்னிரண்டாவதில் ஒரு பாடம் போயிற்று. இன்று நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறாள். உழைப்பில் கேவலம் இல்லை. ஆனால் அவள் தேடியது வேறு. ராம்ஜி சுபேதார் தாம் படுக்கும் இடத்தை விட்டுக்கொடுத்தார். நாம் கேரம் போர்டு கிடந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கமிட்டியில் நாமும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இதைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்க மனம் வரவில்லை.

நாம் கேட்டுக்கொள்வது

ஆகவே பொதுக்குழுவின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இது.

முதலாவது, மண்டபம் காத்திருக்கட்டும், படிப்பகமும் தங்கும் அறைகளும் முதலில் வரட்டும். கல்யாணத்துக்குத் தெருவில் பந்தல் போட்டுக்கொள்ளலாம். நம் அப்பன் பாட்டன் அப்படித்தான் போட்டார்கள். பரீட்சைக்குப் பந்தல் போட முடியாது. கட்டிடம் எழும்பும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போதிருக்கிற சங்க அறையை நாளையிலிருந்தே திறந்து விடுவோம். சித்தார்த்தா கல்லூரி கொட்டகையில்தான் தொடங்கியது.

இரண்டாவது, பிள்ளைகளுக்கு ஒழியும் நேரத்துக்கு அது திறந்திருக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கும் திறக்க வேண்டும், இரவு பதினொன்றுக்கும் விளக்கெரிய வேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனி அறை. அங்கே மாலை முழுவதும் தாய்மார்களில் இரண்டு பேர் முறை வைத்து இருக்க வேண்டும். சாவி செயலாளரிடம் அல்ல, படிக்கிற பிள்ளைகளிடம் இருக்கட்டும்.

மூன்றாவது, வாரம் ஒரு நாள் சான்றிதழ் மேசை ஒன்று போடுவோம். 1950க்கு முந்திய தாள் எந்த வீட்டில் இருந்தாலும், கிழிந்த ரசீதாக இருந்தாலும், கொண்டுவந்து காட்டுங்கள். பாட்டன் வேலை செய்த இடம், படித்த பள்ளி எல்லாவற்றையும் எழுதி, அந்தப் பதிவேடுகளைத் தேடிப் போவோம். அரசாங்கக் காகிதத்தோடு மல்லுக்கட்டுவது ரயில்வே குமாஸ்தாக்களுக்குப் பழக்கமான வேலைதான். அதோடு, இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இங்கேயே உரிமை வேண்டும் என்று மற்ற மாநிலத் தொழிலாளர் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு சட்டம் மாறும்வரை குரல் கொடுப்போம்.

நான்காவது, கணக்கு. மாதம் பிறந்தால் வரவு செலவு சுவரில் ஒட்டப்பட வேண்டும். பொறுப்பில் இருப்பவர் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பணம் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டாம். நாளைக்கு அந்தக் கல்லுக்காகத்தான் சண்டை வரும். எந்தச் சாதிப் பிள்ளை வந்தாலும், எந்த மொழிப் பிள்ளை வந்தாலும் இடம் உண்டு என்பதை விதியிலேயே எழுதி வைப்போம். பக்கத்துச் சந்து மராத்திப் பிள்ளையும் உருதுப் பிள்ளையும் நம் விளக்கில் படிக்கட்டும்.

வீட்டுக்கு வருடத்தில் ஒரு நாள் கூலி. அவ்வளவுதான் கேட்கிறோம். கூலி இல்லாத வீட்டில் ஒரு பிடி அரிசி. அதுவும் வரவில் எழுதப்படும்.

நாம் கல்லூரி கட்டுவோமா என்பது தெரியாது. நம் காலத்தில் முடியாமல் போகலாம். சோலாப்பூர் விடுதிக்கும் சித்தார்த்தா கல்லூரிக்கும் நடுவே இருபது வருடம் இருந்தது. ஆனால் 1925இல் அந்த விடுதியை யாரும் திறக்காமல் இருந்திருந்தால், 1946இல் கல்லூரிக்கு வந்து சேரப் பிள்ளைகள் எங்கிருந்து கிடைத்திருப்பார்கள்?

இன்னும் சிறிது நேரத்தில் தலைவர் வாக்கெடுப்புக்கு விடுவார். கையைத் தூக்குவதற்கு முன்னால், அன்று நம் வாசலில் புத்தகப் பையோடு நின்று திரும்பிப் போன அந்தப் பிள்ளையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அவள் தங்கை இந்த வருடம் பத்தாவது எழுதுகிறாள். அதே வீடு, அதே ஐந்து பேர்.